அப்பத்தா திட்டிய மாதா

அப்பத்தாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று திருநகர் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. முன்னறையில் இருந்த ஒன்றரை அடி மாதா சுரூபத்தை என்ன செய்வது? அத்தை சில வருடங்களாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். "யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருடா. அது வெறும் சுண்ணாம்பு" என்றார். கோயில் பக்கமே போகாத நான் மாதாவுக்காக வாதாடினேன்.

என்னுடையது படித்துத் தெரிந்துகொண்ட வாதம். சுரூபத்துக்குச் செய்யும் மரியாதை சுரூபத்தோடு நிற்பதில்லை, அது யாரைக் காட்டுகிறதோ அவரைப் போய்ச் சேர்கிறது என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் சொன்னது. ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம். மரியாளுக்கு அதைவிட மேலான வணக்கம். என் தொழில் பாஷையில், சுரூபம் ஒரு பாயிண்டர். உள்ளே சரக்கு கிடையாது, முகவரி மட்டும்தான்.

அத்தை கேட்டார்: "அப்ப அம்மா ஏன்டா அதுக்குச் சேலை கட்டிவிட்டுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் வீரமாமுனிவரைத் திரும்ப வாசித்தேன்.

எங்கள் சண்டை ஏறத்தாழ முந்நூறு வருடப் பழையது. 1706இல் தரங்கம்பாடிக்கு லுத்தரன் போதகர்கள் வந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மதுரை மிஷனுக்கு வந்த இத்தாலியரான வீரமாமுனிவர் அவர்களை மறுத்து 'வேத விளக்கம்' எழுதினார். உரைநடையில் அவர் திருச்சபையின் வழக்கறிஞர். ஆனால் அதே மனிதர் கோணான்குப்பத்தில் கோயில் கட்டி, மாதாவுக்குச் சேலை உடுத்தி, பெரியநாயகி என்று பெயர் வைத்தார். பக்கத்து விருத்தாசலத்தில் பழமலைநாதரின் அம்மனுக்கும் அதே பெயர்தான்.

இதை மதமாற்ற உத்தி என்று ஒரு தரப்பு சொல்லும், பண்பாட்டுமயமாக்கம் என்று இன்னொரு தரப்பு பாராட்டும். இருவருக்குமே சேலை என்பது மேலுறை. உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'திருக்காவலூர்க் கலம்பகம்' என்ற நூலின் வடிவத்தையே பாருங்கள். கலம்பகம் ஊசல், அம்மானை, தூது, மறம், குறம் என்று பல உறுப்புகளைக் கலந்து கட்டுவது. பாட்டுடைத் தலைவரை அவருடைய ஊரோடு சேர்த்தே பாடுவது. இறையியலில் மரியாள் உலகத்துக்கே ஒருத்திதான். கலம்பகத்துக்குள் நுழைந்ததும் அவள் காவலூர்க்காரி ஆகிவிடுகிறாள். ஏலாக்குறிச்சிக்குத்தான் அவர் அந்தப் பெயரைப் பாடினார். 'தொன்னூல் விளக்கம்' எழுதிய இலக்கணக்காரருக்கு, எந்த வடிவம் என்ன செய்யும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

உரைநடையில் வாதாடியவரும் செய்யுளில் பாடியவரும் கடைசிவரை சந்தித்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. பாயிண்டருக்கு ஊர் கிடையாது. ஒரே முகவரியைக் காட்டும் இரண்டு பாயிண்டர்களில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்த நேர்ச்சையைப் பூண்டியில் செலுத்த அப்பத்தா ஒப்புக்கொள்ளவே மாட்டார். "ரெண்டும் ஒரே மாதாதானே?" என்று கேட்டால், "ஒரே மாதாதான். ஆனா நான் சொன்னது அங்கல்ல" என்பார். வாக்குக் கொடுத்த இடமும் வாக்கில் சேர்த்தி. இந்த நியாயத்தை வாதத்தால் சொல்ல முடியாது, கலம்பகத்தால் சொல்ல முடிகிறது. முனிவரின் கவிதை அவருடைய வாதத்தைவிடப் பெரியது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அப்பத்தா சுரூபத்தின் முன் நின்று திட்டியிருக்கிறார். "உன் மகன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடி குறைஞ்சு போவ?" ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசும் உரிமை அது. பக்கத்திலேயே மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தின் முன் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அங்கே முழங்கால்தான். ஆராதனைக்கும் வணக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படித்தேன். அவருக்கு அது நாக்கிலேயே இருந்தது. அத்தை நினைத்ததுபோல அவர் சுண்ணாம்பைக் கும்பிடவில்லை. நான் நினைத்ததுபோல அது அவருக்கு வெறும் முகவரியாகவும் இருக்கவில்லை.

சுரூபம் இப்போது என் புத்தக அலமாரியில் இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்த அத்தை அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "சேலை அழுக்கா இருக்குடா, மாத்திவிடு" என்றார்.