பத்தாம் திகதிச் சந்தை

பதுளைப் பக்கத் தோட்டங்களில் பெண்களுக்குச் சுயதொழில் உதவி என்றால் முதலில் வந்து இறங்குவது தையல் மெஷின். அடுத்தது கோழிக்குஞ்சு, அதற்கடுத்தது காளான் பை. பசறையிலோ மடூல்சீமையிலோ ஒரு டிவிஷனுக்குள் போய் லயத்து வாசல்களை எட்டிப் பார்த்தால், துணி போர்த்திய மெஷின் ஒன்றாவது கண்ணில் படும். அதன்மேல் பிள்ளையின் பாடப் புத்தகம் இருக்கும், சில வீடுகளில் அரிசிப் பை இருக்கும். இதைக் காட்டி, “இவங்களுக்குக் குடுத்துப் பிரயோசனமில்ல” என்று சொல்லும் உத்தியோகத்தர்கள் உண்டு. கொடுத்ததே ஒரு கண்துடைப்பு என்று சொல்லும் தோழர்களும் உண்டு. இரண்டு பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. எண்பது குடும்பம் இருக்கும் டிவிஷனில் ஐந்து பேருக்குத் தையல் பழக்கினால், அந்த ஐந்து பேரும் யாருக்குத் தைப்பது? தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம் மெஷின் ஓடும். பிறகு அது மேசைதான்.

உதவி செய்ய வருபவர்கள் குறைவில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கைத்தொழில் அபிவிருத்தி சபை, 1978இல் தொடங்கிய மகளிர் பணியகம், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை, பிரதேச செயலகத்து உத்தியோகத்தர்கள், அரச சார்பற்ற நிறுவனங்கள் என்று பலர். சொல்லித்தரும் பாடம் மட்டும் ஏறத்தாழ ஒன்றே: நல்ல யோசனையைத் தேர்ந்தெடு, வரவு செலவு எழுது, விலை போடப் பழகு, கடன் கொடுக்காதே, சேமி. இதே பாடத்தைச் சொல்லி உலகமெங்கும் நடக்கும் சர்வதேச தொழில் தாபனத்தின் பயிற்சியின் மூலக் கையேடு 1970களில் சுவீடன் முதலாளிமார் சம்மேளனம் தன் நாட்டுச் சிறு கம்பனிகளுக்காக உருவாக்கியது. சுவீடனில் பிறந்த பாடம் லுணுகலைக்கு வரக்கூடாது என்பதில்லை. தேயிலையே வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் தேயிலையை நட்டவர்கள் மண்ணையும் மழையையும் பார்த்து நட்டார்கள்.

முதலில் அந்தப் பாடத்தின் நல்ல பகுதி. விலை போடும் கணக்கைச் சொல்லித்தரும் அந்த அரை நாளுக்காகவே ஒரு செயலமர்வை மன்னிக்கலாம். ஓர் அக்கா பின்னேரம் வடை சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு, எண்ணெய், விறகு எல்லாம் போக நாளுக்கு 500 ரூபாய் மிஞ்சுகிறது. லாபம் என்றுதான் நினைக்கிறார். ஊறப்போட்டு, அரைத்து, சுட்டு, கூடையோடு லயம் லயமாக நடந்து விற்க நான்கு மணிநேரம். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயான அடிப்படை நாட்சம்பளத்தை எட்டு மணிநேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 168 ரூபாய்க்கு மேல். நான்கு மணிநேரத்துக்கு 675. ஆக, மலையில் கொழுந்தெடுத்து உழைப்பதைவிட மலிவாக அவர் அடுப்படியில் தன்னை விற்றுக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பெண், வடையின் விலையை ஐந்து ரூபாய் கூட்டும் துணிவைப் பெறுவார், அல்லது நடந்து விற்பதை விட்டு, ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் உட்கார்வார். தன் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும் என்று யாரும் அவருக்கு அதுவரை சொன்னதில்லை.

இன்னொரு நன்மை பணப்பை. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். வந்த பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே ஆபிஸில் கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் லேசில் போகவில்லை. வடைக் காசு, முட்டைக் காசு, பால் காசு அப்படியல்ல. அது பெண்ணின் கைக்கு நேரே வரும் காசு. வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரித்து வை என்ற அறிவுரை நகரத்தில் வெறும் கணக்கியல். லயத்தில் அது குடும்ப அரசியல். சாராயத்துக்குப் போகாமல் ஒரு டின்னுக்குள் காசு தங்குவது சின்ன வெற்றியல்ல.

ஆனால் பயிற்சிக்கு எவ்வளவு பலம் உண்டு? இதை இலங்கையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகியோர் கொழும்பு, கண்டிப் பக்கத்துப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களுக்குச் சர்வதேச தொழில் தாபனத்தின் பயிற்சியை மட்டும் கொடுத்தபோது லாபம் கூடவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாயும் கொடுத்தபோது கூடியது. இரண்டாம் ஆண்டில் அந்தக் கூடுதல் கரைந்துவிட்டது. புதிதாகத் தொடங்க நினைத்தவர்களுக்குத்தான் பயிற்சி உண்மையில் உதவியது. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் அவர்கள் செய்த முந்தைய ஆய்விலும், முதலாகக் கொடுத்த சிறு தொகை ஆண்களின் தொழிலில் லாபத்தைக் கூட்டியது, பெண்களின் தொழிலில் கூட்டவில்லை. அறிவும் காசும் போதாமல் வேறேதோ தடுக்கிறது. கொழும்புக்கும் கண்டிக்கும் நெருக்கமான இடங்களில் அப்படியென்றால் மடூல்சீமையில் எப்படி?

என்ன தடுக்கிறது என்று கேட்டால் நான் முதலில் நாட்காட்டியைக் காட்டுவேன். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும், மாதக் கடைசியில் அட்வான்ஸ். ஒரு டிவிஷனில் கடை வைத்திருப்பவரின் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில், ஒரே ஆபிஸிலிருந்து சம்பளம். பதினைந்தாம் திகதிக்குள் காசு ஓடிவிடும். மீதி நாளெல்லாம் “சம்பளத்துக்குத் தர்றேங்க்கா.” கடன் கொடுக்காதே என்று வளவாளர் சொல்வதை அப்படியே கேட்டால் மாதத்தில் இருபது நாள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். போதாததற்கு இது ஊவா. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பேர் கிடைத்த வாசனை வரும், ஏலத்தில் விலை ஏறும். அதே காய்ச்சலில் கொழுந்து குறையும், வேலைக்குப் பேர் போடும் நாளும் குறையும். கொழும்பு ஏலத்தின் நல்ல மாதம் லயத்துக் கடையின் கெட்ட மாதம். வாடிக்கையாளரைத் தெரிந்துகொள் என்று பாடம் சொல்கிறது. தெரிந்துகொண்டாயிற்று: எல்லா வாடிக்கையாளருக்கும் படியளப்பது ஒரே கம்பனி. இந்தச் சந்தை ஓர் ஆளை நம்பியே நிற்கிறது என்பதைக் கையேடு ஒரு பக்கத்திலாவது எழுதியிருக்க வேண்டும்.

இதன்மேல்தான் கிழமைக் கடன் வந்து உட்கார்ந்தது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, தவணை கிழமைக்கு ஒருமுறை. இந்தக் கோணலை எந்தச் செயலமர்வும் நிமிர்த்தவில்லை. சில செயலமர்வுகள் கடன் படிவத்தோடுதான் முடிந்தன. 50,000 ரூபாய் வாங்கி, கிழமைக்கு 1,250 ரூபாய் வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 65,000. முப்பது வீத வட்டி என்று சொல்வார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருவதால், கையில் இருக்கும் பணத்துக்குக் கட்டும் உண்மை வட்டி ஆண்டுக்கு ஐம்பது வீதத்தைத் தாண்டுகிறது. மூன்றாம் கிழமையில் தவணை தட்டினால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். தோடு அடகுக்குப் போகும், அல்லது இன்னொரு நிறுவனத்தின் கடன் வரும். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் அரசாங்கம் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தபோது அது வறட்சி பாதித்த பன்னிரண்டு மாவட்டங்களுக்குத்தான். வடக்கு, கிழக்கு, வடமேல், வடமத்திய மாகாணங்கள். ஊவா அந்தப் பட்டியலில் இல்லை. 2021 மார்ச் 8 அன்று ஹிங்குரக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அது நாட்டுக்கே செய்தியானது. தோட்டத்துப் பெண்ணோ சங்கத் தலைவரிடம் சொல்லி அழுவதோடு முடித்துக்கொண்டாள்.

அடுத்தது இடம். தொழிலைப் பதிந்துகொள் என்பது நல்ல அறிவுரை. பதிவு இருந்தால் வங்கி மதிக்கும், சுப்பர்மார்க்கெட் பொருள் எடுக்கும். பதியப் போனால் தொழில் நடக்கும் இடத்துக்கு உரிமைப் பத்திரமோ சொந்தக்காரரின் சம்மதமோ கேட்பார்கள். லயம் தோட்டத்துப் பெண்ணுடையதல்ல. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகும், லயத்துக் காம்பராவில் பிறந்து காம்பராவிலேயே கிழவியானவளுக்கு அது சொந்தமில்லை. அவள் தோட்டத் துரையிடம் கடிதம் கேட்க வேண்டும். துரை நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சல்ல. ஊறுகாய் போத்தலுக்கு லேபல் ஒட்டத் தோட்ட நிர்வாகத்தின் தயவு ஏன் வேண்டும் என்பதுதான் பேச்சு. உள்ளூராட்சியும் அப்படித்தான் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தில் ஒரு தெருவிளக்குப் போடவும் வழியில்லை என்றார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்த வாசல் திறந்தது. திறந்த வாசலால் ஒரு சந்தைக் கொட்டிலாவது கேட்கலாம் என்று எந்தப் பெண்கள் செயலமர்விலாவது சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த வளவாளருக்கு மாலை போடலாம்.

பாதையோரத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. எல்லப் பக்கமும் தம்பேத்தன்னையில் லிப்டன் ஆசனத்துக்குப் போகும் வழியிலும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் விற்றால் கையில் அன்றன்றே காசு. பத்தாம் திகதிக்குக் கட்டுப்படாத சந்தை அது. வெற்றிக் கதைகளை அங்கிருந்து எடுத்து வந்து ரோபெரித் தோட்டத்திலோ பட்டாவத்தைத் தோட்டத்திலோ சொல்வதில்தான் பிசகு. அங்கே முயற்சி உண்டு, பஸ் இல்லை.

வீடே கடையாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தபோதும், லயத்தோடு போன அடுப்பையும் சாமானையும் தொழில் என்று நிரூபிக்கப் பதியாதவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

மாற்று என்று யோசிக்கும்போது எனக்கு அகமதாபாத் நினைவுக்கு வருகிறது. அங்கே இலா பட் 1972இல் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தை ஒரு தொழிற்சங்கமாகப் பதியப் போனபோது, முதலாளியே இல்லாத பெண்களுக்குச் சங்கமா என்று அதிகாரிகள் மறுத்தார்கள். பதிந்த பிறகு, 1974இல் அந்தப் பெண்களே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். தெருவில் காய்கறி விற்றவர்கள் தங்கள் பிரச்சினையை அறியாமை என்று பார்க்கவில்லை, தொழில் உரிமை என்று பார்த்தார்கள். மலையகத்தில் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டுறவுக்கும் வழி இருக்கிறது. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் பல தோட்டங்களில் உண்டு. அங்கே தவணையைக் கிழமைக்குப் பதில் பத்தாம் திகதிக்கு மாற்றுவதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை. தையல் மெஷின் ஐந்துக்குப் பதில் நான்கு டிவிஷனுக்குப் பொதுவாக ஒரு சாமான் லொறி கேட்கவும் நிபுணர் தேவையில்லை.

மாதா மாதம் தோட்டத்துப் பெண்ணின் சம்பளச் சீட்டில் சங்கத்துச் சந்தா கழிகிறது. கொழுந்துக் கூடையின் நிறுவையில் அநியாயம் நடந்தால் தலைவர் ஆபிஸ் வாசலுக்குப் போவார். பின்னேரம் அவள் தலையில் இருக்கும் வடைக் கூடைக்காக எந்தத் தலைவரும் இதுவரை எந்த ஆபிஸ் படியும் ஏறியதாக நான் பார்க்கவில்லை.