பெயரில்லாப் பெருந்தச்சன்: மதுரை அரண்மனையும் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலும்

மதுரையில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) கட்டுவித்த அரண்மனை 1636இல் எழுந்தது என்பது பொதுவாக ஏற்கப்பெறும் கருத்து. அதனை அமைத்தவர் ஓர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் என்னும் செய்தி சுற்றுலாக் கையேடுகளிலும் பொது நூல்களிலும் உறுதிக் கூற்றாகவே இடம்பெற்று வருகிறது. அக்கலைஞர்க்குப் பெயர் இல்லை. பிறந்த ஊர் இல்லை. மதுரைக்கு வந்த ஆண்டும் இல்லை. பெயரற்ற ஒருவர்க்கு நாடு மட்டும் எவ்வாறு கிடைத்தது என்னும் வினா, கட்டடக்கலை வரலாற்றாரைவிட மொழிபெயர்ப்பாளர்க்கே நெருக்கமானது.

ஆங்கிலத்தில் இச்செய்தி பெரும்பாலும் 'சொல்லப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்னும் பொருள்படும் தொடர்களின் துணையோடு வருவது. தமிழுக்கு வரும்போது அத்தொடர் உதிர்ந்து, 'கட்டினார்' என்னும் வினைமுற்று மட்டும் எஞ்சுகிறது. இது தமிழின் வறுமையன்று. முன்னோர் கூற்றை 'என்ப', 'என்மனார்' எனச் சுட்டியே நூல் செய்தது தொல்காப்பிய மரபு. பாட்டி சொல்லும் கதையிலும் ராஜா 'இருந்தார்' அல்லர், 'இருந்தாராம்'. கேள்விப்பட்டதைக் கண்டதினின்று பிரித்துக்காட்டும் 'ஆம்' என்னும் இடைச்சொல் பேச்சில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. எழுத்து நடைதான் அதனைக் கதைக்குரியது என்று ஒதுக்கிவிட்டது. செய்திக் கட்டுரைக்கு 'ஆம்' பொருந்தாது என்னும் இவ்வெண்ணமே ஊகம் வரலாறாவதற்கு வழி திறந்தது எனலாம்.

புதுமண்டபத்தின் கதையை இதனோடு ஒப்பிடலாம். அதனைச் செய்தவர் சுமந்திரமூர்த்தி ஆச்சாரி என்பர். அரசியின் சிலையில் தொடைப்பகுதியில் சில்லு பெயர்ந்ததாம். நீலகண்ட தீட்சிதர் அதனை அவ்வாறே விட்டுவிடச் சொன்னாராம். இதுவும் செவிவழிச் செய்தியே. ஆயினும் அதனைச் சொல்வோர் எவரும் 'ஆம்' என்பதை விடுவதில்லை. பெயருள்ள உள்ளூர்க் கலைஞர் கதையாகவே நிற்க, பெயரில்லா வெளிநாட்டார் வரலாற்றில் இடம்பெறுவது வியப்புக்குரியது.

இத்தாலிய ஊகத்திற்குக் காரணமே இல்லை என்பதும் முறையாகாது. இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1606இலேயே மதுரைக்கு வந்தவர். கோயில் மண்டபங்களின் கல்தூண் மரபினின்று வேறுபட்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட பருத்த உருளைத் தூண்கள் ஐரோப்பியப் பயணிகட்குத் தம் நாட்டு மாளிகைகளை நினைவூட்டியிருத்தல் இயல்பு. ஆனால் நினைவூட்டுவது வேறு, சான்று வேறு. இதழ் விளிம்புடைய வளைவுகளையும் செங்கல், சுதை வேலைப்பாட்டையும் ஹம்பியின் தாமரை மகாலில் காணலாம். சந்திரகிரி அரண்மனையும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. விசயநகர அரசவையினின்று கிளைத்த நாயக்கர்கட்கு வளைவும் குவிமாடமும் கற்பிக்க உரோமிலிருந்து ஒருவர் வரவேண்டிய கட்டாயம் இல்லை.

சிக்கலின் வேர் 'ஆர்கிடெக்ட்' என்னும் சொல்லிலும் உள்ளது. பரோக் காலத்து ஐரோப்பாவில் அச்சொல் கொத்தரினின்று வேறான, வரைபடத்தால் ஆளும் தனி மனிதரைக் குறித்தது. 1697இல் சுவீடனின் பழைய அரண்மனை எரிந்தபின் புதியதை வரைந்த இளைய நிக்கோதேமுசு தெசின் 1728இல் மறைந்தார். அரச குடும்பம் குடிபுகுந்ததோ 1754இல்தான். எனினும் அது தெசினின் அரண்மனையே. அவர் வரைபடங்கள் இன்றும் பேணப்படுகின்றன. இச்சொல்லை மதுரைக்குப் பொருத்தியவுடன் அதற்குரிய ஒரு தனியாள் தேவைப்படுகிறார். ஆள் கிடைக்காதபோது கற்பனை அவரைத் தந்துவிடுகிறது.

சொல்லின் மூலப்பொருளோ தமிழர்க்கு அயலன்று. கிரேக்கத்தில் அது தலைமைத் தச்சன் என்றே பொருள்படும். அதன் பின்னுறுப்பாகிய 'தெக்தோன்' வடமொழித் 'தக்ஷன்' என்பதோடு உறவுடையது. தமிழ்த் 'தச்சன்' அவ்வழியில் வந்தது என்பது பலர் கொள்கை. 'தை' என்னும் அடியினின்று விளக்குவாரும் உளர். எவ்வாறாயினும், 'பெருந்தச்சன்' என்பது 'ஆர்கிடெக்ட்' என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நேராக நிற்கும் சொல். அது புதிதாக ஆக்கப்பட வேண்டியதுமன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என ஒருவரைப் பெயர் சுட்டிப் போற்றுகிறது. நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்பாரும் உடன் குறிக்கப்பெறுகின்றனர். ஒருவரல்லர், மூவர் என்பது கருதத்தக்கது.

தமிழில் கல்வெட்டோடு நின்ற அச்சொல் மலையாளத்தில் வழக்கிழக்கவில்லை. இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறை போன்ற, ஏலத்தோட்டங்களை ஒட்டித் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர்களில் இவ்வேறுபாடு பயன்தரும் ஆய்வுக்களம் ஆகும். மலையாள மரபில் பெருந்தச்சன் என்றால் வரருசியின் பன்னிரு மக்களுள் ஒருவனாகிய கதைமாந்தனே முதலில் மனத்தில் எழுவான். கேரள அரண்மனைக் கலை மரத்தைச் சார்ந்தது. பத்மநாபபுரம் அதற்குச் சான்று. எனவே அங்கே தச்சன் என்னும் சொல் பொருளோடு ஒட்டி வாழ்ந்தது. மதுரையில் செங்கல்லும் சுதையும் மேலோங்கியதால் 'கொத்தர்' என்பதே முன்னிற்கிறது. மதுரை அரண்மனைக்குப் பெருந்தச்சன் என்பதை வழங்குவோர் மரவேலை என்னும் பொருள் குறுக்கிடுவதை உணர்ந்தே வழங்குதல் வேண்டும். 'ஸ்தபதி' என்பது தகும், ஆனால் வை. கணபதி ஸ்தபதி போன்றோரால் இக்காலத்தில் அச்சொல் கோயிற்பணியோடும் சிலையோடும் இறுகிவிட்டது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இன்று காணப்படுவது முழு அரண்மனையன்று. சொக்கநாத நாயக்கர் பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசென்றார் என்பர். எஞ்சியதை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தார். இத்தாலியக் கையைத் தேடுவோர், கண்முன் உள்ள பூச்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கை எவ்வளவு என்பதை முதலில் அளந்திருக்க வேண்டும்.

சொர்க்க விலாசம் என்னும் பெயரை மொழிபெயர்ப்பதிலும் இத்தகைய கவனம் தேவை. 'விலாசம்' இன்றைய தமிழில் முகவரி, நாடக வரலாற்றில் ஒரு நாடக வகை, அரண்மனையில் இன்பமண்டபம். ஆங்கிலத்தில் வானுலக மண்டபம் என்னும் பொருள்பட ஆக்கப்பெற்ற பெயரை மீண்டும் தமிழாக்குவோர் மூலப்பெயரைத் தேடி எடுத்தலே முறை. இத்தாலியர் பற்றிய தொடரையும் அவ்வாறே, 'இத்தாலியர் ஒருவர் அமைத்தார் என்பர். பெயர் சுட்டப்படவில்லை' என எழுதலாம். இரண்டு சொல் மிகும், பக்கம் மிகாது.