மணிமாலையும் கத்தியும்

கருத்தடையைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே இரு சாரார். இயற்கை முறையே தூயது, ஏனைய யாவும் தீயவை என்பர் ஒரு சாரார். இயற்கை முறை பழமைவாதிகளின் பிதற்றல், அறுவையே அறிவுடைமை என்பர் மற்றொரு சாரார். சுமப்பவளின் விருப்பம் யாது? இதை இரு சாராருமே கேட்பதில்லை.

1935 டிசம்பரில் வார்தாவில் காந்தியாரைச் சந்தித்த மார்கரெட் சாங்கர், கருத்தடைச் சாதனங்களுக்கு ஆதரவு வேண்டினார். தன்னடக்கமே வழி என்றார் காந்தியார். அக்காலத்திலேயே பெரியாரோ, நாட்டின் வறுமையைக் காட்டி அன்று, பெண்ணின் விடுதலையைக் காட்டிக் கருத்தடையை வலியுறுத்தி வந்தார். ஆட்சியாளர் செவியில் ஏறியது முன்னதுதான். 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தபோது, சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் விரும்பியது ‘பாதுகாப்பான நாள்’ முறையையே. டில்லி லோடி காலனியிலும் மைசூரின் ராமநகரத்திலும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு சோதனை நடந்தது. நாளைக் கணக்கிட நிற மணிகள் கோத்த மாலை தரப்பட்டது. தொடர்ந்து பின்பற்றியோர் சிலரே.

முறை அறிவியலுக்குப் பகையா? அன்று. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் கருமுட்டை வெளிப்படும். அது வாழ்வது ஒரு நாள். விந்தணு 5 நாள் வரை வாழும். ஆகவே 26 முதல் 32 நாட்களுக்குள் மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண், 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை உறவைத் தவிர்த்தால் கருவைத் தவிர்க்கலாம். வழுவாது பின்பற்றினாலும் ஓராண்டில் நூற்றுக்கு 5 பேர் கருவுறுவர். நடைமுறையில் 12 பேர் அளவில். காப்பர்-டி அணிந்தோரில் ஒருவருக்கும் குறைவு.

குறை கணக்கில் இல்லை, வீட்டில் இருக்கிறது. மாலை மனைவியின் கையில். முடிவு கணவனின் வாயில். பன்னிரண்டு நாள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இல்லாதவள், மணியை எண்ணி என்ன பயன்? அவ்வுரிமையைத் தராமல் மாலையை மட்டும் தந்தது முதற் பிழை. வேறு வழிகளை மறைத்தது இரண்டாம் பிழை.

பின் வந்தோர் மாலையை வீசிவிட்டுக் கத்தியை எடுத்தனர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைக்கு உள்ளாயினர். 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் அறுவை செய்தார். அம்மாவட்ட முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். இத்தகைய முகாம்களை நிறுத்துமாறு 2016-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. அன்று ஒரே மாலை, பிறகு ஒரே கத்தி! இதற்குப் பெயர் சேவையா?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டோர். ஆண்கள் அறுவையோ 0.1 விழுக்காடு. ஆணுக்கான அறுவை எளிது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆயினும் கத்தி யார் மேல் பாய்கிறது? ‘அவள் விரும்பினாள்’ என்பர். வேறு வழி எதையும் காட்டாமல் பெற்ற இசைவு விருப்பமாகுமா?

இயற்கை முறை என்றாலே நகைக்கும் பகுத்தறிவுத் தோழர்களுக்கும் ஒரு சொல். அதே ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் நம்பியிருப்பது மரபு முறைகளையே. நகைத்து ஒதுக்கினால் அவர்கள் தவறான நாளைத்தான் எண்ணுவர். எந்த நாள், எவருக்குப் பொருந்தாது, எத்துணைத் தோல்வி என்று சொல்லிக் கொடுப்பதே பகுத்தறிவு.

ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, அறுவை, நாட்கணக்கு என எல்லாவற்றையும் அவற்றின் நன்மை தீமைகளோடு மருத்துவமனையில் பெண்ணின் முன் வைக்க வேண்டும். கணவனையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பின்னர் அவள் தேர்ந்தெடுக்கட்டும்; வேண்டாமென்றால் மறுக்கட்டும், மாற்றிக்கொள்ளட்டும். மணியோ கத்தியோ, அவள் அறிந்து ஏற்றால் அது கருவி. அறியாமல் ஏற்றால் அது விலங்கு!