மரமும் உடைமையும்: மட்டக்களப்புத் தச்சுக்கலை குறித்து ஒரு நோக்கு

பழைய வீட்டின் நிலை, உடைந்த தோணியின் பலகை, காற்றிற் சாய்ந்த மரம் ஆகியவற்றிலிருந்து தளபாடமும் சிற்பமும் ஆக்குதல் இன்று கலையுலகில் மதிப்புப் பெற்றுள்ளது. மரத்தின் பழமையும் கலைஞனின் கற்பனையுமே அம்மதிப்பின் ஊற்றாகப் பேசப்படுகின்றன. மரம் எவர்க்குரியது, அதனை இழைத்தவர் எவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நோக்குமிடத்து இவற்றைத் தவிர்த்தல் இயலாது.

படுவான்கரைக்கு அப்பாலுள்ள வரண்டவலயக் காடுகள் முதிரையும் பாலையும் கருங்காலியும் தருவன. ஏர், வண்டி, தோணி, கதவு என உழைப்போர் வாழ்வோடு இணைந்தே இங்கு தச்சுத்தொழில் வளர்ந்தது. பயன் முடிந்த பலகைக்கு மறுபயன் காண்பது வறியோரின் அன்றாடத் தேவையாகும். ஆயின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிறுவப்படும் வரை, காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் அரச கட்டுப்பாட்டை மேலும் இறுக்கிற்று. காட்டு மரத்தில் உளி வைக்குமுன் தச்சன் அனுமதிப்பத்திரம் தேட வேண்டியவனானான்.

விழுந்த சுள்ளி பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கிய ரைன் மாகாணச் சட்டத்தை 1842இல் மாக்ஸ் சாடினார். பொருளாதார நலன்கள் பற்றி ஆராய அவரை முதன்முதலில் தூண்டியவற்றுள் அவ்விவாதமும் ஒன்று. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் வீடுகளையும் ஒருங்கே வீழ்த்தியதை அறிந்தோர்க்கு அவ்விவாதம் அந்நியமானதன்று. வீடிழந்தவனுக்குச் சாய்ந்த மரம் கூரையும் விறகுமாகும். அழகியல் அதன் பின்னரே வரும்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. கண்டிக் கைவினைஞரின் கலை, ஊழியத்துக்கு ஈடாகப் பெற்ற நிலத்தில் வேரூன்றியிருந்தது என்பதையும், பிரித்தானிய ஆட்சியில் அவ்வேர் அறுந்தது என்பதையும் அவர் தெளிவாகக் கண்டார். கலையின் பொருளாதார அடித்தளத்தைக் காட்டிய அளவில் அது பெருஞ்சாதனையாகும். ஆயினும் கைவினைஞனுக்குப் பாதுகாப்பளித்த அந்நிலமே அவனைப் பிறப்பாற் குலத்தொழிலோடு பிணித்தது. இதனை அவர் போற்றினாரேயன்றி வினவினாரல்லர்.

இன்று நிலப்பிரபுவின் இடத்தைச் சந்தை பெற்றுள்ளது. மேசையாகியும் மரம் மரமே; பண்டமானதும் அது மாயத்தன்மை பெறுகின்றது என 1867இல் மூலதனம் விளக்கிற்று. மீட்டெடுத்த மரத்தில் அம்மாயம் இரட்டிக்கின்றது. பழமை விலையாகின்றது, வடிவமைத்தவர் பெயர் நிலைக்கின்றது, இழைத்தவர் பெயர் மறைகின்றது.

எனவே இத்தகைய ஆக்கங்களை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஆணித்துளையும் தாரின் கறையும் வெறும் அலங்காரமாக நிற்பின் அவ்வாக்கம் போலியானது. அம்மரம் முன்னர்ச் சுமந்த உழைப்பைப் புதிய வடிவம் உணர்த்துமாயின் அது கலையாகும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புலக்கலை பயிற்றப்படுகின்றது. அங்கு வாவிக்கரைத் தச்சர்கள் ஆசிரியர்களாக அமரவும், ஆக்கங்களில் அவர்தம் பெயர் பொறிக்கப்படவும் வழி செய்தல் வேண்டும். அதன் பின்னரே மரம் மீட்கப்பட்டது எனக் கூறல் பொருந்தும்.