கெனிசாத் தாளின் மறுபக்கம்

கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் அழிப்பதில்லை. கிழிந்தால் ஓர் அறையில் போட்டுவைத்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். அந்த அறைக்குக் கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் புதைக்காமலே நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் குவிந்தன. வேதப் பிரதிகளோடு திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு, சரக்குக் கணக்கும் கிடந்தன. அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜ் கொண்டுசென்ற தொகுப்பில் மட்டும் 1,90,000-க்கு மேற்பட்ட துண்டுகள்.

அவற்றில் இருந்த கடிதங்களைச் சமூக வரலாறாக்கியவர்களில் முதன்மையானவர் எஸ்.டி. கோய்டீன். அரபு மொழி அறிஞரான அவர், ஏமன் யூதர்களிடையே களப்பணியும் செய்தவர். எபிரேய எழுத்தில் எழுதிய அரபுக் கடிதத்தில் வணிகன் சொல்லாமல் விட்டதையும் அவரால் ஊகிக்க முடிந்தது. ஆனால், 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளாக வந்த நூலுக்கு 'ஒரு மத்தியதரைச் சமூகம்' என்று பெயர் வைத்தாரே, அது பெரிய தாவல். கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு கூடத்தின் கழிவுத்தாள்.

அடுத்து வந்தது பொருளாதாரம். இந்தக் கடிதங்களில் வரும் வணிகரைக் கடல்தாண்டி இருக்கும் முகவர் ஏன் ஏமாற்றவில்லை? ஏமாற்றியவனை மக்ரிபி (வட ஆப்பிரிக்க யூத) வணிகர் எல்லாரும் சேர்ந்து ஒதுக்கிவிடுவார்கள் என்று 1989-இல் ஆட்டக் கோட்பாட்டைக் கொண்டு விடை சொன்னார் பொருளியலாளர் அவ்னெர் கிரெய்ஃப். மொழியறிஞர்களுக்குத் தோன்றாத அருமையான கேள்வி. விடைதான் இடித்தது. 2012-இல் எட்வர்ட்ஸும் ஒகில்வியும் அதே சான்றுகளை மறுபடி படித்து, வணிகர்கள் நீதிமன்றத்தையும் நாடினார்கள், கூட்டாக ஒதுக்கியதற்குச் சான்று மெலிது என்றார்கள். கிரெய்ஃப் விட்டுக்கொடுக்கவில்லை. என் சாய்வு மறுத்தவர்கள் பக்கம். ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று கடிதத்தில் மிரட்டுவது வேறு, ஊர் ஒதுக்கிவைப்பது வேறு. கோபக் கடிதங்களின் நடையில் ஊறியவருக்கு அந்த வேறுபாடு உடனே தட்டுப்படும். கோட்பாட்டு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு சான்று தேடுபவருக்கு மிரட்டலும் தண்டனையாகத் தெரிந்துவிடும்.

இந்தக் குறை பொருளியலாருக்கு மட்டும் உரியதல்ல. பல தாள்களில் எபிரேய வரிகளுக்கு இடையிலும் பின்புறத்திலும் பெரிய அரபு எழுத்துகள் உண்டு. எபிரேயம் தேடியவர்கள் நெடுங்காலம் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மரினா ரஸ்டோ 2020-இல் வெளியிட்ட நூலில் அவற்றைச் சேர்த்துப் படித்தார்: வெட்டி மறுபடி பயன்படுத்தப்பட்ட ஃபாத்திமிய அரசாணைகள். யூத வரலாற்றுக்காகச் சேர்த்த குவியலிலேயே ஓர் இஸ்லாமிய அரசின் எழுத்து நிர்வாகமும் கிடந்திருக்கிறது.