கூறியது கூறல் குற்றமா?

பாரிஸ் நகரத்து டாஃப்ட் பங்க் இரட்டையர், அதாவது தாமா பங்கால்தேரும் கி மானுவெலும், இயந்திரத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நடன இசை தந்தவர்கள். 'கெட் லக்கி' பாட்டு நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்காது. 2021 பிப்ரவரியில் பிரிந்துவிட்டார்கள். அவர்களை எடை போட்டவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

2005-இல் வந்த 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்' ஆறே வாரத்தில் செய்தது. ஒரே வரி, ஒரே கித்தார்த் துண்டு, திரும்பத் திரும்ப. விமர்சகர் பலரும் சலித்துக்கொண்டார்கள். நம் பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றம் சொல்கிறாரே, அதில் 'கூறியது கூறல்' என்று ஒன்று உண்டல்லவா? கிட்டத்தட்ட அதே குற்றச்சாட்டுதான். ஆனால் பவணந்தியார் விதித்தது நூலுக்கு. ஆட்ட இசைக்கோ திரும்ப வருவதுதான் உயிர். அடுத்த தட்டு எங்கே விழும் என்று காலுக்குத் தெரிந்தால்தானே ஆட முடியும்? 2006, 2007 மேடைகளில் இதே பாட்டுகளைப் பழைய பாட்டுகளோடு பின்னி வாசித்தார்கள். 'டெலிவிஷன் ரூல்ஸ் தி நேஷன்' 2001-ஆம் ஆண்டுப் பாட்டான 'கிரெசென்டால்ஸ்' உடன் சேர்ந்தது. சலித்தவர்களில் பலர் மனம் மாறினர். சரக்கு என்னவோ அதே சரக்குதான்!

எட்டாண்டு கழித்து, 2013-இல் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரிஸ்'. பிறர் இசைத்தட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டியவர்கள், நைல் ராட்ஜர்ஸ் போன்ற டிஸ்கோ காலத்துப் பெரியவர்களை நேரில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள். ஜார்ஜோ மொரோடர் தம் கதையைப் பேசுகிறார், அதுவே ஒன்பது நிமிடப் பாட்டு. 2014-இல் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசும் கிடைத்தது. பழமைக்கு ஓடிவிட்டார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. தாமாவின் தந்தை டேனியல் வான்கார்ட், ஒட்டாவன் குழு 1979-இல் பாடிய 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' பாட்டை இணைந்து எழுதியவர். அப்பா உட்கார்ந்த கல்லாவில் மகன் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஓட்டமா? 74 நிமிட நீளம்தான் எனக்கு நெருடல். அங்கே பவணந்தியாரின் 'மிகைபடக் கூறல்' பொருந்தும்.

2021 அக்டோபரில் பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை இதழ் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியது. 2001-இல் 'டிஸ்கவரி'க்குப் போட்ட 6.4, இப்போது 10. 2013 ஆல்பத்துக்குப் போட்ட 8.8, இப்போது 6.8. மாற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கோணத்தில் நின்று சொல்கிறேன் என்று சொல்லாத தீர்ப்பு அரைத் தீர்ப்பு என்பது எங்கள் சமண தருக்கம். அதை 'நயம்' என்போம். வெறும் எண் கோணத்தைக் காட்டாது. 6.4 வாங்கியபோது 'டிஸ்கவரி' புதுச்சரக்கு. 10 வாங்கியபோது அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே பின்னால் நின்றது. கேன்யே வெஸ்ட் அதிலிருந்து ஒரு பாட்டை எடுத்து 2007-இல் 'ஸ்ட்ராங்கர்' செய்திருந்தார். அதற்கு இருபது வருஷம் தவணை கொடுத்தார்கள். இளையதற்கு எட்டே வருஷம். என்ன அவசரமோ, வட்டி ஏறுமுன்பே கணக்கை முடித்துவிட்டார்கள்.