ஆர்ச்சைத் தாண்டிய தண்ணீர்

குற்றாலம் பேரருவியில் 'தண்ணி ஆர்ச்சத் தாண்டிட்டு' என்றால் பண்பொழி டீக்கடை வரைக்கும் அர்த்தம் ஒன்றுதான்: குளிக்க விடமாட்டார்கள். அருவி முன்னாலுள்ள அந்தப் பாதுகாப்பு வளைவை எல்லோரும் வாசிக்கிற ஒரு குறி என்பேன். போலீஸ்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், பழக்கடைக்காரர் எல்லோரும் அதன் வாசகர்களே.

மைக்கா எண்ட்ஸ்லி 1995இல் சூழலறிதலை மூன்று படிகளாக்கினார்: கவனித்தல், புரிதல், வரப்போவதைக் கணித்தல். குழுக்களைப் பற்றியும் பேசினார். ஆனாலும் அவருடைய தொடக்கப்புள்ளி தனிமனிதத் தலைதான். அதே ஆண்டு எட்வின் ஹட்சின்ஸ், கப்பலின் இருப்பிடத்தைக் கணிக்கிற அறிவு மாலுமிகள், வரைபடம், கருவிகள் இடையே பரவிக் கிடப்பதைக் காட்டினார். குற்றாலத்தை வாசிக்க இவர்தான் உதவுகிறார்.

2024 மே 17. சீசன் தொடங்கவில்லை. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம், 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை பெய்வது மேலே காட்டில். குளிக்கிறவர் நிற்பது கீழே, அருவியின் இரைச்சலுக்குள். எண்ட்ஸ்லியின் முதல் படியே அவருக்கு வாய்க்காது. தண்ணீர் கலங்குவதும் இலை, சுள்ளி சேர்ந்து வருவதும் மலையடிவாரத்து ஆட்களுக்குப் பால பாடம். ஆனா ஒரு கடைக்காரர் 'ஏல, வெளிய வா'ன்னு கத்தினா எவன் கேப்பான்? அவர் அறிவுக்குச் சீருடை இல்லையே.

மேலே உணர்கருவி வைக்கட்டும், வேண்டியதுதான். அதன் செய்தி ஆட்சியர் அலுவலகம் போய் உத்தரவாகத் திரும்புவதற்குள் வெள்ளம் இறங்கிவிடும். அருவிக்கரைக் கடைக்காரரிடமும் அது நேராக வரணும். சைரனை அழுத்துகிற உரிமையும் அவருக்கு வேணும்.